பதினேழாம் எண் வண்டி

உ
பெங்களூர்
12.6.1988

அன்புள்ள அக்காவுக்கு,

காசிராஜன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நால்வரும் சுகம். செல்லக்கனிக்கு மட்டும் மழைக்காற்றில் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. அதைச் சாக்காக வைத்து மாவாட்டும் வேலை என் தலைக்கு வந்துவிட்டது. உங்கள் இடது கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா, அல்லது வழக்கம்போல் தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டீர்களா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். விமானப்படையிலிருந்து வெளியே வந்தபின் இங்கே ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பழைய விமானங்களும் பந்தயக் கார்களும் எந்த மூலையில் கிடக்கின்றன என்று தேடிப் பிடித்து மீட்கிறவர்கள். ஞாயிறுதோறும் ஒரு ஷெட்டில் கூடுவோம். இப்போது ஒரு டைகர் மாத் பயிற்சி விமானத்தின் இறக்கைக்குத் துணி போர்த்திக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு ஒருவர், 1960-இல் மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடந்த கார்ப் பந்தயத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் பதினேழாம் எண், 'இராஜபாளையம் ஸ்பெஷல்'. ஓட்டுபவர் மில் சின்ன முதலாளி சஞ்சீவிராஜா. கம்பெனியில் வாங்காமல் சொந்தப் பட்டறையில் கட்டிய வண்டியை ஸ்பெஷல் என்றுதான் சொல்வார்கள்.

நம் அப்பா கட்டிய வண்டி அக்கா.

அதைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "இதுவா? மில் ஃபிட்டர் ஒருத்தன் ஸ்டியரிங் ராடை ஒழுங்கா வெல்டு பண்ணாம, ஓட்டினவருக்குக் கால் போச்சே, அந்த வண்டி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஃபிட்டரின் மகன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருடம் ஆகியும், அவர் செத்துப் பதினாலு வருடம் ஆகியும், அப்பாவின் பெயர் ஊர் விட்டு ஊர் வந்து இப்படிக் கிடக்கிறது. அந்த வண்டி எங்காவது இருந்தால், உடைந்த ராடு கிடைத்தால், யார் தப்பு என்று என் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன். நீங்கள் இராஜபாளையம் போய்ச் சஞ்சீவிராஜாவைப் பார்த்து வண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைமணி நேர பஸ்தானே.

பிள்ளைகள் அத்தையை விசாரித்தார்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

உங்கள் தம்பி,
காசிராஜன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.6.1988

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. என் கண் எரிச்சல் விடைத்தாள் திருத்துவதால் வருவது. தாள்கள் தீர்ந்தால் அதுவும் தீரும். செல்லக்கனிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாவாட்டுவதால் உனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

வண்டி விஷயம். அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும். போகாமல் இருந்தாலும், இத்தனை வருடம் துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு உண்மையைச் சொல்லும் என்று நீ எதிர்பார்க்கிறாய். எனக்கு இரும்பைப் பற்றித் தெரியாது. ஆனால் இருபது வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். மனிதர்கள் கல்லிலும் செம்பிலும் தங்களுக்கு வேண்டியதைத்தான் படிப்பார்கள் என்பது தெரியும்.

யாரோ ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டு சொன்னதற்காக நீ ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டும்? அப்பா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேச விரும்பவில்லை. அதை அப்படியே விடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

கல்லூரி திறந்துவிட்டது. புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். மழைதான் இல்லை. குழந்தைகளுக்கு என் அன்பு.

பரிபூரணம்

*

உ
பெங்களூர்
10.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

காசிராஜன் வணக்கம். ஒத்தடம் கொடுத்ததில் செல்லக்கனி தேறிவிட்டாள். ஆட்டுக்கல் மட்டும் இன்னும் என் வசம்தான். உங்கள் ஊரில் இப்போதாவது மழை விழுந்ததா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு அது மரியாதை. எனக்கு வேறு மாதிரி.

விபத்து நடந்தபோது நீங்கள் மதுரையில் விடுதியில் இருந்தீர்கள். எனக்குப் பதின்மூன்று வயது, இராஜபாளையத்தில் அதே பள்ளிக்கூடம், அதே தெரு. மணி அடித்து வெளியே வந்தால் பத்துப் பையன்கள் எனக்குப் பின்னால் நொண்டி நொண்டி நடப்பார்கள். "ஏலே, மொதலாளி கால ஒடச்சவன் மவன் போறான், எல்லாரும் ஒத்தக் கால்ல நடங்கடா!" வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. அப்பா மில் வேலையை விட்டு, நாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து அவர் சைக்கிள் கடை வைத்த பிறகுதான் அது நின்றது.

இரும்பு பேசும் அக்கா. விமானப்படையில் இருபது வருடம் எனக்கு அதுதான் வேலை. உடைந்த இடத்தின் முகத்தைப் பார்த்தால் போதும். வெல்டிங் சரியாகப் பிடிக்காததா, குழாயே பழுதா, அடிபட்டதால் ஒடிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தோற்றம் உண்டு. அப்பா தப்புச் செய்திருந்தால் அதையும் ஒத்துக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

ஒருமுறை போய்வாருங்கள். எனக்காக.

உங்கள் சுகத்துக்குக் கடிதம் போடவும்.

காசிராஜன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.8.1988

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இங்கே இரண்டு நாள் தூறல், அதற்கே ஊர் சந்தோஷப்படுகிறது. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததா?

நேற்றுப் போனேன். வண்டி இருக்கிறது.

சஞ்சீவிராஜா இப்போது பேண்டேஜ் துணி வெளுக்கும் யூனிட் நடத்துகிறார். வீட்டைச் சுற்றிக் காலி நிலத்தில் துணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. செயற்கைக் காலோடு கைத்தடி ஊன்றி அவரே வாசலுக்கு வந்தார். பெயர் சொன்னதும், "சங்கரலிங்கம் மகளா? பூரணமா? ரா அம்மா, உக்காரு" என்று வீட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். பெங்களூரில் அந்த வண்டியைத் தேடுகிறார்கள் என்று சொன்னேன்.

"அந்தக் கழுதையவா? எம்புட்டுப் பேரு வேல இல்லாம இருக்காங்க பாரு," என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "எடைக்குப் போடுங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லுதேன். போட்டிருந்தா நாலு அண்டாவாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

"அண்டாவுல ஏறி ஓட்ட முடியுமா?"

"வண்டியில ஏறி நீங்க ஓட்டுன அழகத்தான் பார்த்தோமே."

இருவரும் இதைப் பல நூறு தடவை பேசியிருப்பார்கள் என்று தோன்றியது.

கிடங்கில் துணிப் பொதிகளுக்குப் பின்னால் இருந்தது. வெள்ளத்தாய் என்கிற வேலைக்காரப் பெண் பொதிகளை நகர்த்தினாள். நான் நினைத்ததைவிடச் சிறிய வண்டி. ஒரே ஆள் உட்காரலாம். சிவப்புச் சாயம், வெள்ளை வட்டத்துக்குள் பதினேழு. முன்பக்க இடது சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது, விபத்து நடந்த நொடியில் எப்படி நின்றதோ அப்படி. "டீச்சர், இது ஏரோப்பிளேனா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். "பாதி ஏரோப்பிளேன்தான் தாயி," என்றார் அவர். யுத்தம் முடிந்து கழித்துக்கட்டிய விமானங்களின் குழாய்களை எடைக்கு வாங்கித்தான் அப்பா வண்டியின் சட்டத்தைக் கட்டினாராம். உனக்கு இது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

உடைந்த ராடும் வண்டிக்குள்ளேயே கிடக்கிறது. நான் தொடவில்லை. நீ வந்து பார்க்கலாம், விரும்பினால் வண்டியையே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். இன்னும் சில விஷயங்கள் கேட்டார். எழுதும்படியாக ஒன்றும் இல்லை.

செல்லக்கனியைக் கேட்டதாகச் சொல்.

பரிபூரணம்

*

உ
பெங்களூர்
9.10.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நான் வருகிற வாரத்தில்தானா உங்களுக்குத் திருநெல்வேலியில் பயிற்சி வகுப்பு வரவேண்டும்? பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா சாப்பிடச் சொன்னார்கள். அந்த வகுப்புச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

அக்கா, நம் அப்பா செய்யவில்லை!

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு இடத்தை வெல்டு செய்து அது ஆறினதும், சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துச் சத்தம் கேட்பார். திருப்தியானால் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்து ஓரத்தில் மூன்று புள்ளி அடிப்பார். அந்தச் சட்டம் முழுவதும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு இடத்தில் வெல்டிங் இருக்கிறது. நாற்பத்தாறிலும் மூன்று புள்ளி. உடைந்த ராடில் மட்டும் இல்லை.

அது மட்டுமல்ல. அந்த ராடில் குழாயின் சுற்றளவில் பாதிதான் வெல்டு ஆகியிருக்கிறது. மறுபாதியில் நெருப்பே படவில்லை. மேலே சிவப்புப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பாதி பிடித்த ராடு பந்தயத்தில் ஆறு சுற்றுத் தாங்கியதே பெரிது. அப்பா அப்படி ஒரு வேலையைச் செய்வாரா? கனவிலும் செய்யமாட்டார்.

பட்டறையில் அப்போது வெல்டிங் பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் யார் என்று சஞ்சீவிராஜாவைக் கேட்டேன். "இருளப்பசாமின்னு ஒதவிக்கு ஒரு ஆளு இருந்தான். ஓரளவுக்குப் பிடிப்பான்" என்றார். இப்போது தளவாய்புரத்தில் சொந்தமாக வெல்டிங் கடை வைத்திருக்கிறாராம்.

வண்டியை லாரியில் ஏற்றிவிட்டோம். பிப்ரவரியில் இங்கே கண்காட்சி. கூடவே ஒரு புத்தகம் அச்சடிக்கிறோம், ஒவ்வொரு வண்டியின் சரித்திரமும் அதில் வரும். இதுவும் வரும்.

லாரி கிளம்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே உங்களிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. வீடு பூட்டியிருந்தது.

உங்கள் தம்பி,
காசிராஜன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.10.1988

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பும் சாப்பாடும் சுமார். உடம்பு பரவாயில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். ராடில் புள்ளி இல்லை என்பது நீ கண்டது. அதை வேறு ஒருவர் செய்தார் என்பது நீ ஊகிப்பது. இரண்டும் ஒன்றல்ல. என் மாணவிகள் இப்படி எழுதினால் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

எந்தப் புத்தகத்திலும் உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைப் போடவேண்டாம். இதை அவசரப்படாமல் யோசி.

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

பரிபூரணம்

*

உ
பெங்களூர்
20.11.1988

அன்புள்ள அக்காவுக்கு,

துணி கிடைத்தது. பெரியவனுக்குச் சட்டை கொஞ்சம் பிடிக்கிறது, மற்றபடி சரி. இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. சொந்த அப்பாவுக்கு நியாயம் கிடைக்கப்போகிறது என்றால் நீங்கள் மார்க் போடுகிறீர்கள்.

புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வரி இதுதான்: "ஸ்டியரிங் ராடை அரைகுறையாக வெல்டு செய்தவர் உதவியாள் இருளப்பசாமி. தலைமை ஃபிட்டர் சங்கரலிங்கம் இதை அறிந்திருக்கவில்லை." ஒளிவு மறைவு கூடாது என்று இருளப்பசாமிக்கும் இதை அப்படியே எழுதிப் போட்டேன். மறுப்பு இருந்தால் ஜனவரிக்குள் எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை. வராது. என்ன பதில் இருக்கும்?

காசிராஜன்

*

தளவாய்புரம்
4.12.88

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

இருளப்பசாமி எழுதிக்கிட்டது. ஆண்டவன் புண்ணியத்துல நாங்க இருக்கோம். நீங்களும் நல்லாருக்கணும். எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

தம்பி கிட்டேயிருந்து லெட்டர் வந்துச்சு. எம் மருமகந்தான் வாசிச்சான். வாசிச்சுட்டு என்னய ஒரு மாதிரிப் பார்த்தான். நான் அந்த ராடத் தொடலம்மா. பிடிச்சது அண்ணாச்சிதான். பாதி பிடிச்சிருக்கும்போது பட்டறைக்குத் தபால் வந்துச்சு. வாசிச்சாரு. வெல்டிங் கேஸ அமத்தினாரு. "ஏலே இருளப்பா, பாதிதான் ஆயிருக்கு, நான் வந்துதான் முடிப்பேன், அதுவரைக்கும் வண்டிய ஏத்த விடாத" அப்படின்னாரு. மதுரைக்கு பஸ் ஏறிட்டாரு. மறுநாளே வந்திருதேன்னாரு. வரல. சாயங்காலம் லாரி வந்து நின்னுச்சு. நான் சின்ன முதலாளி கிட்டச் சொன்னேன். "போடா, அந்தாளு எல்லாத்தையும் நாலு தரம் பாப்பாரு, பெயின்ட அடி, ஏத்து"ன்னுட்டாரு. பெயின்டு நான் அடிச்சேன். அது எந் தப்புதான். அண்ணாச்சி சனிக்கிழம சாயங்காலம் வந்து வண்டி இல்லாததப் பார்த்துட்டு அப்படியே மெட்ராஸுக்கு ரயிலேறி ஓடினாரு. போய்ச் சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

பொறவு நான் கேட்டேன், ஏன் அண்ணாச்சி, நீங்க சொல்லிட்டுத்தான போனீய, அதச் சொல்லுங்களேன்னு. "எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. புள்ள காதுல விழுந்தா படிப்ப விட்டுரும். பாதியில விட்டுட்டுப் போனது நாந்தானலே"ன்னாரு. என் கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. நான் இன்னைய வரைக்கும் எம் பொஞ்சாதி கிட்டக்கூடச் சொல்லல.

தம்பிக்கு நான் பதில் போடல. போட்டா உங்க பேர எழுதணும். ஆனா டீச்சரம்மா, நாலு ஸ்கூல் வேன் என் கிட்டதான் ஸ்டியரிங் வேலைக்கு வருது. அச்சுல இப்படி வந்துச்சுன்னா எவன் பிள்ளைங்க போற வண்டிய எங்கையில விடுவான்? நீங்களே பார்த்து ஒரு வார்த்த சொல்லுங்க.

இப்படிக்கு,
இருளப்பசாமி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.12.1988

அன்புள்ள தம்பிக்கு,

செல்லக்கனியும் பிள்ளைகளும் நலம்தானே. இந்தக் கடிதத்தை ஆறு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையாவது தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

இருளப்பசாமி எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிடு. அவர் எழுதியிருப்பது உண்மை. அவர் எழுதாமல் விட்டது, பட்டறைக்கு அன்று வந்த தபால். அது நான் போட்டது.

அப்போது நான் பி.ஏ. இரண்டாம் வருடம். வகுப்பில் சொல்லும் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. விடுதிப் பெண்கள் நான் பேசுவதைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். இனி ஒரு நாளும் இங்கே இருக்கமாட்டேன், உடனே வந்து கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நானே கிளம்பிவிடுவேன் என்று எழுதினேன். வியாழக்கிழமை சாயங்காலம் விடுதி வாசலில் அப்பா நின்றார். வேலைச் சட்டையோடு, கை கழுவாமல். மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பவேண்டும், பட்டறையில் வேலை பாதியில் நிற்கிறது என்று சொன்னார். நாளைக்கும் இருங்கள், இல்லாவிட்டால் நானும் வருகிறேன் என்றேன். இருந்தார். இரண்டு நாள் என்னோடு இருந்து பேசினார். நான் படிப்பை விடவில்லை.

விபத்தைப் பற்றி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். கோடை விடுமுறைக்கு வந்து, தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நீ ஒன் சோலியப் பாரு" என்றார். எதற்கும் ஆதாரம் கேட்கிற நான் அதை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆகஸ்டில் சஞ்சீவிராஜா கேட்டதையும் உனக்கு எழுதவில்லை. "ஒங்கப்பா அந்த ரெண்டு நாளு எங்கம்மா போனாரு? கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், சொல்லவே இல்லையே" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்டோபரில் நீ வருகிறாய் என்று தெரிந்ததும், திருநெல்வேலி வகுப்புக்கு என் பெயரை நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

நேற்றுத் தளவாய்புரம் போனேன். இருளப்பசாமியின் மனைவி ஆவுடையம்மாள், "வாங்க டீச்சர். இம்புட்டு நாளா வராதவிய இன்னைக்கு வந்திருக்கிய" என்று மட்டும் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருளப்பசாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "படிச்சவிய, நீங்க போயி என் கிட்ட..." என்று அவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அந்த வரியை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக என் பெயரைப் போட்டாலும் எனக்கு மறுப்பில்லை. சஞ்சீவிராஜாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

நீ என்ன எழுதினாலும் எழுது. எழுதாமல் இருக்காதே.

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.2.1989

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. செல்லக்கனி போட்ட கார்டில் எல்லாரும் சுகம் என்று இருந்தது. அதுவரை சரி. எனக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்.

சஞ்சீவிராஜாவைப் பார்த்துவிட்டேன். கிடங்கில் வண்டி இருந்த இடத்தில் இப்போது துணிப் பொதிகள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார், திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஓ. அதுக்குத்தான் போனாரா," என்றார். பிறகு, "படிச்சு முடிச்சியா அம்மா?"

"முடிச்சேன். எம்.ஏ.வும் முடிச்சேன்."

"மஞ்ச்சிதி. நல்லது." கொஞ்ச நேரம் துணி காயும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருளப்பன் என் கிட்டச் சொன்னாம்மா, ஏத்தக் கூடாதுன்னு. நாந்தான் ஏத்தச் சொன்னேன். ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சப்ப ஊரே ஒங்கப்பாவத் திட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு வலி. பேசாம இருந்துட்டேன். பொறவு காலு போச்சு, கால் போனவன் கிட்ட எவனும் எதுவும் கேக்கல. போன அக்டோபர்ல ஒந்தம்பி வந்து கேட்டப்பகூட இருளப்பன் பேரச் சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அன்னைக்கு ராவெல்லாம் எம் பொஞ்சாதி திட்டினா."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "இப்பவாவது வாயத் தொறந்தீங்களே" என்றார்.

"எழுதச் சொல்லு ஒந்தம்பிய," என்றார். "ஏத்தச் சொன்னது சஞ்சீவிராஜான்னு. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவர் கையெழுத்துப் போட்ட தாளை இதில் வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கு முன்னால் உனக்குக் கிடைக்கவேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பரிபூரணம்

*

உ
பெங்களூர்
19.3.1989

அன்புள்ள அக்காவுக்கு,

காசிராஜன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். புதுக் கண்ணாடி பழகிவிட்டதா?

மூன்று மாதம் உங்களுக்கு எழுதவில்லை. வேலை அதிகம் என்று எழுதலாம், நீங்கள் நம்பமாட்டீர்கள். கோபமாக இருந்தேன். உங்கள் கடிதம் எல்லாருக்காகவும் வருத்தப்பட்டது, மதுரையில் அழுத பெண்ணுக்காகக்கூட. பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற பையனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அப்பா தப்புச் செய்தாரா என்று இத்தனை வருடம் கிடந்து புரண்டது நான். தெரிந்தவர் நீங்கள்.

இதை எழுதிவிட்டேன். இனி இதை எழுதமாட்டேன்.

புத்தகம் அச்சாகிவிட்டது. பதினேழாம் எண்ணுக்குக் கீழே இப்படி இருக்கிறது: "வண்டியைக் கட்டியவர் தலைமை ஃபிட்டர் சங்கரலிங்கம், துணை இருளப்பசாமி. ஸ்டியரிங் ராடின் வேலை பாதியில் இருந்தபோது, ஃபிட்டர் ஊரில் இல்லாத நேரத்தில், எச்சரிக்கையை மீறி வண்டியை ஏற்றச் சொன்னவர் ஓட்டுநர் சஞ்சீவிராஜா. இது அவர் கையெழுத்திட்டுத் தந்த தகவல்." உங்கள் பெயர் இல்லை. கண்காட்சியில் ஃபிட்டர் எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அன்று ஷெட்டில் பேசிய அந்தப் பெரியவர் உட்பட. அவரிடம் போய், "நான் அந்த ஃபிட்டர் மகன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் இன்னும் ஓடவில்லை. ஓடும்.

போன வாரம் இருளப்பசாமியைப் பார்க்க வந்தேன். பேச்சு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அவர் வேன் ஒன்றின் ராடை மாட்டிக்கொண்டிருந்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். சோறு போட்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. நீங்கள் குடை பிடித்துக்கொண்டு கல்லூரியிலிருந்து வருவதைப் பார்த்தேன். இறங்கவில்லை. இறங்கினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. நால்வரும் வருகிறோம், பத்து நாள் இருப்போம். "இரண்டு நாள் என்னோடு இருந்து பேசினார்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அது எனக்குப் போதாது. விபத்துக்குப் பிறகு என்னிடம் அப்பா பேசியதெல்லாம் "சாப்டியா", "அந்தப் பம்ப எடு" இவ்வளவுதான். நான் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றுகூட அதற்கு மேல் இல்லை. அந்த இரண்டு நாள் உங்களை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார், எந்தக் கடையில் சாப்பிட்டீர்கள், என்ன சொல்லி உங்களை மாற்றினார், எதற்காவது சிரித்தாரா, எல்லாம் எனக்கு வேண்டும். மறந்துபோயிருந்தால் இப்போதிருந்தே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து வையுங்கள்.

உங்கள் தம்பி,
காசிராஜன்